சிறுநீரின் நிறம் கூறும் செய்தி

பொழுது விடியுமுன் பால் வெட்டுவது ஏன் என்பதைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரவில் மரத்தில் நீர் நிறைந்திருக்கையில் பால் தாராளமாக வடிகிறது. வெயில் ஏறி, இலைகளின் வழியே நீர் வெளியேறியதும் பால் வடிவது குறைகிறது. மரத்தின் நீர்நிலையை இவ்வளவு கூர்ந்து அறிந்த நாம், நமது உடலின் நீர்நிலையை அறிந்திருக்கிறோமா? அதனை அறிவிக்கும் எளிய அடையாளம் சிறுநீரின் நிறமேயாகும்.

நமது சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி இரத்தத்திற்கே திரும்பிவிடும். சுமார் ஒன்றரை லிட்டர் மட்டுமே கழிவுப் பொருள்களுடன் சிறுநீராக வெளியேறும். முதிர்ந்த சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பொருளொன்று அதற்கு மஞ்சள் நிறத்தைத் தருகிறது. நீர் மிகுந்தால் அந்நிறம் வெளுக்கும். நீர் குறைந்தால் அடர்த்தியாகும்.

சிறுநீர் இளமஞ்சளாக இருப்பின் உடலில் போதிய நீர் உண்டு எனக் கொள்ளலாம். அடர்ந்த மஞ்சளாகவும் அளவிற் குறைந்தும் இருப்பின் நீர் போதவில்லை என்பது பொருள். காலையில் முதன்முதலாகக் கழியும் சிறுநீர் சற்று அடர்ந்திருப்பது இயல்பே. ஆதலால், பிற்பகலில் கழியும் சிறுநீரைக் கவனிப்பதே நன்று.

வெயிலில் நிரை நிரையாக நடந்து, வாளி சுமந்து உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 20 நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு குவளை நீர் அருந்துவது நலம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்கள் டாக்டர் கூறும் அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

காட்டில் ஒதுங்க இடமில்லையே என்று பெண்கள் சிலர் வேலை முடியும்வரை நீர் அருந்துவதில்லை, சிறுநீரையும் அடக்கிக்கொள்கின்றனர். இப்பழக்கம் நன்றன்று. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் உண்டாக இது இடமளிக்கும். பாதுகாப்பான மறைவிடம் வேண்டுமென நிர்வாகத்திடம் எடுத்துரைக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நிற மாற்றங்கள் அனைத்தும் நோயல்ல. சிவப்பு டிராகன் பழமும் பீட்ரூட்டும் சிறுநீரைச் சிவக்கச் செய்யும். வைட்டமின் மாத்திரை பளிச்சென்ற மஞ்சளைத் தரும். காசநோய்க்கான மருந்து செம்மஞ்சளாக்கும். ஆயினும், பின்வரும் அடையாளங்கள் தோன்றினால் நீர் அருந்திவிட்டுக் காத்திருத்தல் கூடாது:

1. சிறுநீரில் இரத்தம் காணுதல். வலி இல்லாவிடினும் அலட்சியம் வேண்டா.

2. பால் கலவாத தேநீரைப் போன்ற நிறம். அத்துடன் கண்கள் மஞ்சளாதல். இது கல்லீரல் நோயாக இருக்கலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்தால், எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் நோயாகவும் இருக்கலாம்.

3. கடும் வெயிலில் உழைத்தபின் தசைவலியுடன் கருஞ்சிவப்பு நிறம்.

4. கலங்கல், எரிச்சல், துர்நாற்றம்.

5. நாள்தோறும் நீங்காத நுரை.

தெளிந்த சிறுநீரும் எப்போதும் நலத்தின் அறிகுறியன்று. ஓயாத தாகமும் உடல் மெலிவும் இருந்து, அடிக்கடி மிகுதியாகச் சிறுநீர் கழியுமாயின், நீரிழிவு உண்டா எனச் சோதிப்பது அவசியம்.

இவற்றுள் எது காணினும் உடனே கிளினிக்கிற்குச் சென்று சிறுநீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கி நோயை முற்றவிட்டால், பல மாத உழைப்பை இழக்க நேரிடும். மரத்தின் பட்டையில் காயம் படாமல் வெட்டும் கவனத்தில் ஒரு சிறிதளவேனும் நம் உடலுக்கும் உரியதன்றோ?