மனம் சொல்லும் சாக்கு

சரக்கு தேங்கினால் "சந்தை சரியில்லை" என்கிறோம். பாக்கி வராவிட்டால் "ஆள் ஏமாற்றிவிட்டான்" என்கிறோம். பாதி உண்மையாகவே இருக்கலாம். மீதியைத்தான் மனம் மறைக்கிறது. "நான்" என்ற எண்ணம் அடிபடாதிருக்க மனம் தானறியாமல் போடும் இந்த வேலிகளைப் பற்றி, பிராய்டின் மகள் அன்னா பிராய்டு 1936-இல் ஒரு நூலே எழுதினார்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட் 1977-இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் படிகளாக வகுத்துக் காட்டினார். கீழ்ப்படிகளில் நடந்ததையே மறுப்பதும், பழியைப் பிறர்மேல் ஏற்றுவதும் இருக்கும். அதற்கு மேலே சமாதானம் சொல்லிக்கொள்வது. மேல்படியில், வரப்போவதை எண்ணி முன்கூட்டியே ஆயத்தமாவது.

நம் பகுதிக்கே வருவோம். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. பிழைப்பே அதில் இருந்ததால் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் "இது நடைமுறைக்கு வராது" என்றிருந்தால் அது மறுப்பு. "எல்லாரும்தானே விற்கிறார்கள்" என்றால் சமாதானம். 2021-லும் 2023-லும் நீதிமன்றம் தடையைத் தளர்த்தவில்லை. முதல் ஆண்டே கொள்முதலை மாற்றிக்கொண்டவருக்குத் தேங்கும் சரக்கு குறைவு.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றது, தீப்பெட்டித் தொழில் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான். சிவகாசியின் கதை அங்கே தொடங்குகிறது.

இன்றிரவு கணக்கு முடித்ததும், நட்டம் வந்த ஓர் இனத்துக்கு எதிரே, "இதில் என் பங்கு" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கணக்குப்பிள்ளையிடம் காட்ட வேண்டியதில்லை.