சூளைக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஷெட் போட்டு, சொந்தமாகப் பீங்கான் வேலையும் செய்துகொண்டு, வாரக் கடைசியில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "சக்கரம் எங்கே வாங்குவது?" என்றுதான். சக்கரம் எங்கேயும் கிடைக்கும். விசாரிக்க வேண்டியது சூளையைப் பற்றி. இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். ஆளுக்கு நாலு உருப்படி என்றால் முப்பத்திரண்டு. மூன்று மணி நேரத்தில் கைகழுவிக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். உங்கள் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். நிழலில் காய வைக்க வேண்டும், அடி சீவ வேண்டும், 900 முதல் 1,000 டிகிரி வரை முதல் சூடு கொடுக்க வேண்டும். பிறகு கிளேஸ். ஸ்டோன்வேர் என்றால் 1,200 டிகிரிக்கு மேல் இன்னொரு சூடு. மிச்ச மண்ணை ஊற வைத்து மறுபடி பிசைவதும் உங்கள் தலையில்தான். அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் காசு வாங்கினால், மாணவர்களின் சட்டிகளை இலவசமாகச் சுட்டுக் கொடுக்கும் ஆளாக ஆகிவிடுவீர்கள். வகுப்புக்கு ஒரு கட்டணம், சுடுவதற்குத் தனிக் கட்டணம் என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். எடை போட்டு வாங்கலாம், சூளைத் தட்டில் அடைக்கும் இடத்தை அளந்தும் வாங்கலாம். தெரிந்தவர்களிடம் கேட்க வாய் கூசும். எழுதி ஒட்டியிருந்தால் வாய் திறக்கவே வேண்டாம்.

வகுப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பாருங்கள். அன்றாடம் புழங்கும் கோப்பை, தட்டு, கிண்ணம் செய்து விற்றுக் காலூன்றினார்கள். மீக்கர் மாணவர்களை முறையாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1983-ல். இன்று நாட்டில் பெயர் சொல்லும் பீங்கான் கலைஞர்கள் பலர் அங்கே கற்றவர்கள். ஆரோவில்லில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிலும் அந்த வழி வந்தவர்கள் உண்டு. அவ்வளவு பேருக்குச் சோறு போட்ட பள்ளிக்கே கோப்பைதான் முதலில் சோறு போட்டது.

நீங்கள் எங்கே கற்பது? சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் பீங்கான் பிரிவு இருக்கிறது. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி அது. தொழில்நுட்பப் பக்கம் ஆர்வம் என்றால் விருத்தாசலத்தில் அரசுப் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம். கிளேஸ் ஏன் வெடிக்கிறது, ஏன் வழிகிறது என்று காரணம் தெரிந்த ஆசிரியருக்கு மவுசு அதிகம். படிப்பு முடிந்த பிறகு சொந்தச் சூளை வரும்வரை, சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் பீங்கான் கூடத்தில் இடம் கேட்டுப் பாருங்கள்.

மண்ணுக்கு வருவோம். ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்வெட்டில் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். ஏரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராத்திரியில் டிராக்டர் விட்டு அள்ளக் கூடாது. மண்பாண்டத் தொழிலுக்கு ஏரி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் அரசு விதியைத் திருத்தியது. மனுப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுவந்த மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிகட்டாமல் வகுப்பில் கொடுக்காதீர்கள். அதில் சுண்ணாம்புக் கல் துணுக்கு இருக்கும். சுட்டபோது கிண்ணம் நன்றாகத்தான் வரும். மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஷோகேஸில் வைத்த சில நாளில், உள்ளே நீறாகிப்போன துணுக்கு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே ஒரு சில்லைத் தெறிக்க வைக்கும். அந்தக் குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் குற்றவாளி அதுதான். அந்தப் போட்டோ உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்.

இன்னொன்று: ஏரி மண் டெரகோட்டாவுக்கு உரியது. 1,100 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் உப்பும், கோணும், தட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். இரும்புச் சத்துள்ள மண்ணை நன்றாகச் சலித்து, ஸ்டோன்வேர் மேல் கிளேஸாகப் பூசி உயர்சூட்டில் சோதித்துப் பாருங்கள். பழுப்பும் கறுப்புமாக, உங்கள் ஊர் ஏரிக்கே உரிய நிறம் ஒன்று கிடைக்கக்கூடும். விலைக்கு வாங்கிய கிளேஸில் அது வராது.

காற்றுக் குமிழி இருந்தால் பானை வெடிக்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். வெடிக்க வைப்பது ஈரம். புதிதாகக் கற்கிறவர் அடியைத் தடிமனாக விட்டிருப்பார், உள்ளே தண்ணீர் நின்றிருக்கும். சூளையில் அடுக்கும் முன் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் லேசில் காயாது. அந்த மாதங்களில் புது பேட்ச் எடுக்காமல் கிளேஸ் வகுப்பு, வடிவமைப்பு வகுப்பு என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சக்கரத்தில் வனைந்ததைக் கல்லும் பலகையும் வைத்துத் தட்டி அடி மூடுவதை உள்ளூர் குலாலர் பெரியவர் ஒருவரை அழைத்துச் சொல்லித் தரச் செய்யுங்கள். கல்லூரியில் படித்த பலருக்கு அந்தக் கை வராது. அவர் நிற்கும் வகுப்புக்கு அவர்தான் ஆசிரியர். உங்களுக்கு என்ன சம்பளமோ அதுவே அவருக்கும். டீயும் சால்வையும் கொடுத்து அனுப்புவது அநியாயம். தை பிறக்குமுன் அவரைக் கூப்பிடாதீர்கள், பொங்கல் பானை வேலையில் இருப்பார்.

கடனுக்கு, 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கிவைத்த கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள். மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும். விவரம் மாவட்டத் தொழில் மையத்தில். மின்சூளை என்றால் மும்முனை இணைப்பு. தோட்டத்து இலவச விவசாய இணைப்பில் அதை ஓட்டக் கூடாது. எந்தக் கட்டணப் பிரிவு என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்டூடியோவைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். சிலிக்கா தூசு நுரையீரலில் போனால் திரும்பி வராது.

வருமானத்துக்கு ஒரு யோசனை. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறார்கள். அதோடு சேர்த்து இரண்டு மணி நேர வகுப்பு வையுங்கள். பெயர் எழுதிய சீட்டுகளை நீங்கள் செய்து வைத்த குடத்தில் போட்டுக் குலுக்கி, வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆளுக்கொரு சின்ன குடம் கையால் பிடிக்கட்டும். அவற்றைச் சுட்டு அனுப்பும் செலவையும் கட்டணத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

மாதத்தில் ஒரு சூளை முழுக்க உங்களுக்கு. எந்த மாணவர் கெஞ்சினாலும் ஒரு கோப்பைகூட அதில் ஏறக் கூடாது. கண்காட்சிக்கு அனுப்பும் வேலை அந்தச் சூளையிலிருந்துதான் வரும்.

கடைசியாக, சுட்ட உருப்படியை முப்பது நாளில் எடுத்துப் போகாவிட்டால் ஸ்டூடியோவுக்கே சொந்தம் என்று ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் உங்கள் அலமாரி முழுக்க அடுத்தவர்களின் கோணல் கோப்பைகள்தான் இருக்கும்.