இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவுக்குப் பயிற்சியளிக்க வரும் அன்பருக்கு

கடல்கடந்து வந்து தோட்டப் பாடசாலை ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்கும் தொண்டை மேற்கொண்டவர், மே முதல் செப்டம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவமழையில் வெண்கட்டி நமுத்துக் கரும்பலகையில் வழுக்குமாதலால், அதனை மூடியுள்ள தகரடப்பாவில் வறுத்த அரிசியோடு இட்டு வைத்தல் நன்று. அட்டைக்கு அஞ்சுவோர் காலுறையின்மேல் சவர்க்காரம் பூசிக்கொள்க.

ஜெர்மானிய உதவியோடு எழுந்த பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்றவர் பாடசாலையில் இருப்பின், போதிக்குமுன் அவர் ஏற்கெனவே கற்றவற்றை அவரிடம் கேட்டறிக.

பெற்றோர் கூட்டத்தைக் காலையில் கூட்டுவது வீண். கொழுந்து பறிக்கும் தாய்மார், மாலை நிறுவை முடிந்து, பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைக் காப்பகத்தில் விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயம் எனும் வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பிய பின்னரே காதுகொடுக்க அவகாசம் பெறுவர். அங்கே நீட்டப்படும் வெறுந்தேத்தண்ணீரை மறுக்க வேண்டா. சீனியைத் தனியே தந்தால், உள்ளங்கையில் வைத்துச் சுவைத்துக்கொண்டே குடிக்கலாம்.