பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே உள்ள 'சிப்'பைக் கேளுங்கள்

மூட்டையின் மேல் அச்சடித்த பெயரை நம்பி எவரும் அரிசி வாங்குவதில்லை. குத்திப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஆனால் கணனிப் பொருள் என்றால் பெட்டியின் படத்தைப் பார்த்தே பணத்தைக் கொடுத்து விடுகிறோம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. பழைய கணனிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. எனவே கடைக் கணக்குக்கு வைத்திருக்கும் கணனியில் இலவசமான உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டுக்கொள்வது நல்ல யோசனைதான். சிக்கல் வருவது யூஎஸ்பி வைஃபை அடெப்டரில். சொருகினால் வேலை செய்யாது; அல்லது ஒரு மாதம் வேலை செய்து, பின் நின்றுவிடும்.

காரணம் என்ன? அடெப்டரை இயக்கும் 'ட்ரைவர்' லினக்ஸின் மையமான கேர்ணலுக்குள்ளேயே இருந்தால் சொருகியதும் இயங்கும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். கேர்ணல் புதுப்பிக்கப்படும்போது அந்த ட்ரைவர் பொருந்தாமல் போகலாம். காலையில் கடை திறந்தால் இன்டர்நெட் இராது. வங்கிக் கணக்கும் ஓடர்களும் முடங்கிவிடும்.

மாதிரி இலக்கம் ஒன்றாக இருந்தாலும் போதாது. டீபி-லிங்கின் டீஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு உதாரணம். அதன் முதலாம் பதிப்பில் லினக்ஸுடன் நன்கு ஒத்துழைக்கும் அதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்புக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் அதேதான், சரக்கு வேறு. ஆகவே பதிப்பு இலக்கத்தையும் பாருங்கள்.

மீடியாடெக் எம்டி7610யூ, எம்டி7612யூ ஆகிய சிப்களுக்கான ட்ரைவர் 2018 முதல் கேர்ணலிலேயே உண்டு. ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் வைஃபையே வேண்டாம். ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 சிப் உள்ள யூஎஸ்பி லேன் அடெப்டரை வாங்கி வயர் இழுப்பதே நிம்மதி.

வாங்கும்போது மூன்று காரியங்கள் செய்யுங்கள்:

1. சிப்பின் பெயரைக் கேளுங்கள். 'லினக்ஸுக்கும் சரிவரும்' என்ற வாய்வார்த்தை போதாது.

2. முடிந்தால் லினக்ஸ் உள்ள லெப்டொப்பைக் கொண்டுபோய்க் கடையிலேயே சொருகிப் பாருங்கள். டேர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்தால் அடெப்டரின் அடையாள இலக்கம் தெரியும். அதை வைத்து உள்ளே என்ன சிப் என்று கண்டுபிடிக்கலாம்.

3. சரிவராவிட்டால் திருப்பி எடுப்பதாகச் சிட்டையில் எழுதி வாங்குங்கள்.

நூறு இருநூறு ரூபாய் மலிவு என்று எடுத்த அடெப்டரால் ஒரு நாள் வியாபாரம் நின்றால், அந்த மலிவு எங்கே போனது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.