சோளம் எவ்வளவு வளர்ந்தது?

பிள்ளைகளே, மே மாதக் கடைசியில் இக்காஸ்டைச் சுற்றியுள்ள வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? மணல் நிலத்தில் சோளக் கன்றுகள் விரல் உயரத்தில் நிற்கும். ஆகஸ்டில் அதே சோளம் அப்பாவை விட உயர்ந்துவிடும்! மாடுகளுக்குத் தீனியாகத்தான் இங்கே அதைக் கூடுதலாக விதைக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்திலும் சில சோளச் செடிகள் நட்டோம். என் மகள் கிழமைக்கு ஒருமுறை அளந்தாள். ஒருநாள் ஓடி வந்தாள்.

"அப்பா, சோளம் சின்னனாப் போச்சு! போன கிழமை 92, இந்தக் கிழமை 88!"

"எதுமட்டும் அளந்தனீ?"

"மேல் இலையின்ர நுனிமட்டும்."

சோளம் சுருங்கவில்லை. நீண்ட இலை பாரத்தால் வளைந்துவிட்டது. அவள் எழுதிய கணக்கெல்லாம் வீணாய்ப் போயிற்று. அழுதாள். பிறகு இருவரும் சேர்ந்து சரியாகத் தொடங்கினோம். நீங்களும் செய்து பாருங்கள்.

அளக்கும் முறை

1. ஐந்து செடிகளைத் தெரிந்து நூல் கட்டுங்கள். ஒவ்வொரு கிழமையும் அவற்றையே அளக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் செடி வேண்டாம். அதற்கு வெயில் கூடக் கிடைக்கும்.

2. இலை தண்டோடு சேரும் இடத்தில் வெளிறிய பட்டை ஒன்று தெரியும். அப்படிப் பட்டை தெரியும் இலைகளில் மேலே உள்ளதைப் பாருங்கள். மண்ணிலிருந்து அந்தப் பட்டைவரை அளவுங்கள். அது இலை நுனிபோல வளையாது.

3. இலைகளையும் எண்ணுங்கள். கீழ் இலைகள் காய்ந்து விழும். எனவே 5ஆம் இலையிலும், பிறகு 10ஆம் இலையிலும் பேனையால் புள்ளி வையுங்கள்.

4. செடி கைக்கு எட்டாவிட்டால் நிழலை அளவுங்கள். வெயிலில், மட்டமான தரையில், 1 மீட்டர் தடி ஒன்றைச் செடிக்குப் பக்கத்தில் நேராக நிறுத்துங்கள். தடியின் நிழலைப்போல இரண்டு மடங்கு செடியின் நிழல் என்றால், செடி 2 மீட்டர். இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். நிழல் ஓடிக்கொண்டே இருக்கும்!

உச்சியில் பூ விரிந்த பிறகு செடி உயர்வது நின்றுவிடும். அதன்பின் கதிரை அளக்கலாம்.

ஒரு கிழமை மிகக் குறைவாக வளர்ந்தால் கவலை வேண்டாம், எண்ணை மாற்றவும் வேண்டாம். இரவு குளிராக இருந்ததா? அதையும் கொப்பியில் எழுதுங்கள். சோளத்துக்குக் குளிர் பிடிக்காது.

சொற்கள்
கிழமை – வாரம்
எதுமட்டும் – எதுவரை
சின்னன் – சிறியது
கொப்பி – குறிப்பேடு

பயிற்சி
1. ஐந்து செடிகளின் உயரம்: 60, 64, 58, 66, 62 செ.மீ. சராசரி என்ன?
2. ஓரச் செடியை ஏன் அளக்கக் கூடாது?
3. மகளின் அளவு ஏன் குறைந்தது? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.