‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திவிட்டால் உரிமை போய்விடுமா?

கேள்வி: கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் கேம் கன்சோலில் நண்பர்களோடு ஆன்லைனில் கால்பந்து ஆடுவான். பணம் வைத்து ஆடும் விளையாட்டு இல்லை. கணக்கு என் பெயரில் இருக்கிறது. வருடச் சந்தாவை என் கிரெடிட் கார்டில் கட்டினேன். வாலட்டிலும் கொஞ்சம் பணம் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தச் சேவை திடீரென்று நின்றுபோய், பதினோரு நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது. அதுவரை ‘பராமரிப்புப் பணி’ என்று மட்டும் திரையில் காட்டினார்கள். பிறகு ஒரு மெயில் வந்தது. பெயர், மெயில் முகவரி, பிறந்த தேதி, பாஸ்வேர்டு எல்லாம் வெளியார் கைக்குப் போயிருக்கலாம், கார்டு விவரம் போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அதில் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரவு, ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் என் கார்டிலிருந்து ரூ.18,640 போனதாக எஸ்.எம்.எஸ். வந்தது. ஓடிபி வரவே இல்லை. திங்கள் காலை பேங்குக்குப் போய் எழுதிக்கொடுத்தேன். ‘நீங்களோ பையனோ நம்பரைக் கொடுத்திருப்பீர்கள்’ என்றார்கள். அதன்பின் பதில் இல்லை. கேம் கம்பெனியோ, ‘சேவை தடைபட்டால் நாங்கள் பொறுப்பல்ல, எந்தத் தகராறும் சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில்தான் என்ற நிபந்தனைகளை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள்’ என்று எழுதிவிட்டது. நான் கோவையில் வழக்குப் போட முடியுமா? என்ன கிடைக்கும்?

- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கோவையிலேயே வழக்குப் போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி நஷ்டங்கள் இருக்கின்றன: கார்டில் போன பணம், பதினோரு நாள் கிடைக்காத சேவை, கசிந்த தகவல். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு, போக வேண்டிய இடங்களும் வேறு. மூன்றையும் ஒரே மனுவில் கொட்டினால் எதிலும் பிடி கிடைக்காது. எனவே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பேங்க்

அவசரமானது இதுதான். 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல், வாடிக்கையாளரிடமும் இல்லாமல், மூன்றாவது இடத்தில் நடந்திருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. எஸ்.எம்.எஸ். வந்த நாளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்களுக்கு வெள்ளி இரவு செய்தி வந்தது. மறுநாள் சனிக்கிழமை வேலை நாளாக இருந்தாலும் அது முதல் நாள், ஞாயிறு விடுமுறை, திங்கள் இரண்டாம் நாள். நீங்கள் கெடுவுக்குள் போய்விட்டீர்கள். எழுதிக்கொடுத்த புகாரின் நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் அன்றைய புகார் எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

‘நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள்’ என்று வாயால் சொல்வது போதாது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஓடிபி வராததும் உங்களுக்கு எதிரான சான்றல்ல. இந்திய வணிகர்களிடம் நடக்கும் பரிவர்த்தனைக்குக் கட்டாயமாக இருந்துவரும் அந்தக் கூடுதல் சரிபார்ப்பு, பல வெளிநாட்டுத் தளங்களில் இல்லாமலே பணம் போய்விடும். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். கிரெடிட் கார்டு என்பதால், அதுவரை அந்தத் தொகைக்கு வட்டிச் சுமை உங்கள் தலையில் ஏறக் கூடாது.

ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். ரூ.18,640-க்குக் கீழே அந்நியச் செலாவணி மார்க்-அப் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி வரிகளாக ஏறியிருக்கும். பலர் பெரிய தொகையை மட்டும் கேட்டுவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். இவற்றையும், ஏறியிருந்தால் வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

புகார் கொடுத்து 30 நாட்கள் கடந்துவிட்டதால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இப்போதே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள். இதே விஷயம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் புகாரை ஏற்கமாட்டார். எனவே நுகர்வோர் வழக்கில் இப்போது வங்கியைச் சேர்க்காதீர்கள்.

அதோடு 1930 என்ற எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகாரைப் பதிவுசெய்து ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பல வாரங்கள் ஆகிவிட்டதால் பணத்தை வழியில் நிறுத்துவது கடினம். ஆனாலும் அந்த ஒப்புகை பின்னால் எல்லா இடத்திலும் சான்றாக நிற்கும்.

அடுத்து, நின்றுபோன சேவை

இதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடர வழி தருகிறது. கம்பெனி எங்கே இருக்கிறது என்பது அதைத் தடுக்காது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

சிங்கப்பூர் நிபந்தனையைக் கம்பெனி ஆட்சேபணையாக எழுப்பத்தான் செய்யும். நடுவர் மன்ற நிபந்தனை இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்று 2018 டிசம்பரில் எம்மார் எம்.ஜி.எஃப். நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. அது வீட்டுமனை வழக்கு. ஆனால் அதன் அடிப்படை உங்களுக்கும் பொருந்தும். இந்தச் சட்டம் மற்றச் சட்டங்கள் தரும் பரிகாரங்களுக்குக் கூடுதலானது என்று 100-வது பிரிவும் சொல்கிறது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

வழக்கை எதன்மேல் நிறுத்துவது? நிபந்தனையே நியாயமற்றது என்று வாதிட ஆசை வரும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் நீங்கள் சேவைக் குறைபாட்டின்மேல் நில்லுங்கள். அதற்கு 2(11) பிரிவு தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். கணக்குகளுக்குள் யாரோ நுழைந்துவிட்டது தெரிந்த பிறகும் ‘பராமரிப்புப் பணி’ என்று காட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால், உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான். அந்த நாட்களில் உங்களுக்கு உண்மை தெரிந்திருந்தால் கார்டை நிறுத்தியிருப்பீர்கள்.

எனவே அவர்களுக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஊடுருவல் எந்தத் தேதியில் தெரிந்தது? 2022 ஏப்ரல் 28-ம் தேதியிட்ட உத்தரவின்படி ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தீர்களா? 2022 அக்டோபர் முதல் இந்தியாவில் வணிகர்கள் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கும்போது, என் எண்ணை எந்த வடிவில் வைத்திருந்தீர்கள்? பதில் வந்தால் அது சான்று. பதில் வராவிட்டால் அந்த மௌனத்தையே ஆணையத்தின் முன் வைக்கலாம்.

மூன்றாவது, கசிந்த தகவல்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நுட்பமான தனிநபர் தகவலை அலட்சியமாகக் கையாண்டு இழப்பு ஏற்படுத்திய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிவிடுகிறது. 2011-ல் வந்த விதிகளின்படி பாஸ்வேர்டும் கார்டு விவரமும் இந்த வகைக்குள் வரும். பெயரும் மெயில் முகவரியும் பிறந்த தேதியும் வராது. மனுவில் பாஸ்வேர்டையும் கார்டையும் முன்னால் வையுங்கள். ஐந்து கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். தமிழ்நாட்டில் இந்த வழி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2010 ஏப்ரலிலேயே, போலி மெயிலில் ஏமாந்து பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு ரூ.12.85 லட்சம் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு இங்கே உத்தரவு வந்தது.

இதில் இரண்டு தடைகள் உண்டு. 2011 விதிகள் இந்தியாவில் இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு விளக்கம் தந்தது. எனவே உங்களிடம் பணம் வாங்கிய ரசீதில் இந்திய நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, கார்டில் போன பணம் இந்தக் கசிவால்தான் போனது என்று நீங்கள் காட்ட வேண்டும். அடுத்தடுத்து நடந்ததே ஒரு சூழ்நிலைச் சான்றுதான். அதே கார்டை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினீர்கள் என்ற கேள்வி வரும், தயாராக இருங்கள்.

என்ன கிடைக்கும்?

இதே மாதிரி நடந்த பெரிய சம்பவம் ஒன்றின் முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டும். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் ஊடுருவல் நடந்தது. ஏப்ரல் 20-ம் தேதி சேவை நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட தகவல்கள் போய்விட்டன என்று 26-ம் தேதிதான் வெளியே சொன்னார்கள். பாதிக்கப்பட்ட கணக்குகள் சுமார் 7.7 கோடி. சேவை திரும்ப வரத் தொடங்க ஏறத்தாழ 23 நாட்கள் ஆயின. மே 1-ம் தேதி டோக்கியோவில் கசுவோ ஹிராய் உள்ளிட்ட நிர்வாகிகள் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்கள். பயனர்களுக்கு இலவச விளையாட்டுகளும் 30 நாள் ப்ளஸ் சந்தாவும் கொடுத்தார்கள்.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்றும் சொன்னது. அந்த அபராதம் பாதிக்கப்பட்டவர்களின் கைக்கு வரவில்லை. அமெரிக்காவில் பயனர்கள் கூட்டாகத் தொடர்ந்த வழக்கு, சுமார் 1.5 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு 2014-ல் வந்தது. பெரும்பாலோருக்கு விளையாட்டுகளும் சந்தாவும்தான். அடையாளத் திருட்டால் பணம் இழந்ததை ஆவணத்தோடு காட்டியவர்களுக்கு மட்டும் ஆளுக்கு 2,500 டாலர் வரை பணம் என்று வகுத்தார்கள்.

தகவல் போய்விட்டதே என்ற பயத்துக்கு எந்த நாட்டிலும் பெரிய தொகை எளிதில் கிடைப்பதில்லை. காகிதத்தில் காட்டக்கூடிய நஷ்டம் கிடைக்கிறது. எனவே கோவை ஆணைய மனுவில் இவற்றைக் கேளுங்கள்: பதினோரு நாளுக்கான சந்தாத் தொகை, வாலட்டில் பயன்படுத்த முடியாமல்போன பணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம், இருபது லட்சம் என்று எழுதச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மனுவின் நம்பகத்தன்மைதான் குறையும். மகனின் நண்பர்கள் வீட்டிலும் இதே பாதிப்பு இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு 35(1)(சி) பிரிவின்கீழ் சேர்ந்து மனுச் செய்யலாம்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கசிவைத் தெரிவிக்கும் கட்டாயம், 18 வயதுக்குட்பட்டவர் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் ஆகியவை அதில் உண்டு, எல்லாம் நல்லதே. ஆனால் அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு இல்லை. அதோடு 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. குற்றம் செய்த நிறுவனம் பணம் கட்ட, நஷ்டப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு நிற்பது நியாயமல்ல. 43ஏ வழி திறந்திருக்கும்போதே மனுவைப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கணக்கு உங்கள் பெயரில், பணம் உங்கள் கார்டில் என்பதால் நுகர்வோர் நீங்களே. உங்கள் அனுமதியோடு சேவையைப் பயன்படுத்திய மகனும் சட்டப்படி நுகர்வோர்தான். அவனுக்கு வயது நிரம்பாததால் அவன் சார்பிலும் நீங்கள் புகார் தரலாம். கணக்குத் தொடங்கும்போது வயதை மாற்றிக் கொடுத்திருந்தால் அதை வக்கீலிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு கட்டாயம் எடுத்துவைக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: கம்பெனியின் மெயிலை அழிக்காமல் முழுசாகச் சேமியுங்கள். சந்தா ரசீது, வாலட் இருப்பு, ‘பராமரிப்புப் பணி’ அறிவிப்பு ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதியோடு எடுங்கள். மகனின் நண்பர்களிடமும் கேட்டுப் பாருங்கள், யாராவது அப்போது எடுத்து வைத்திருப்பார்கள். மின்னணு ஆவணங்களோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவின்படியான சான்றிதழும் இணைக்க வேண்டும். அந்த பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருந்தீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். கார்டை மாற்றிவிட்டு, புதிய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நிறுத்தி வையுங்கள்.

நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நிறுவனங்கள் பழைய பதிவுகளை அழித்துவிடும் என்பதால் அதுவரை காத்திருக்காதீர்கள். குறைதீர்ப்பாளருக்கான புகாரை முதலில் அனுப்புங்கள், அதே வாரத்தில் கம்பெனிக்கு நோட்டீஸ், 30 நாளில் திருப்தியான பதில் இல்லையென்றால் கோவை ஆணையத்தில் மனு. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் நீங்களே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.