ரிசர்வ் பாங்கின் வட்டியும் நமது வீட்டுக் கடனும்

நம் அங்கத்தினர்களில் பலர், தறிக்கூடத்தோடு சேர்த்து வீடு கட்டுவதற்கோ, பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்கோ, பாங்குகளில் அடமானக் கடன் பெற்றிருக்கிறார்கள். ரிசர்வ் பாங்கு வட்டியை உயர்த்திற்று என்ற செய்தி வரும்போது, "நமது மாதத் தவணை மாறவில்லையே, நமக்கென்ன?" என்று அவர்கள் கேட்பதுண்டு. தவணை மாறாதிருப்பதே சில சமயம் கவலைக்குரியது என்பதைக் கணக்கோடு கவனிப்போம்.

பாங்குகள் சர்க்கார் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் பாங்கிடம் குறுகிய காலக் கடன் பெறுகின்றன. அதற்குரிய வட்டியே ரெப்போ விகிதம். 2019 அக்டோபர் முதல் வர்த்தக பாங்குகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை இத்தகைய வெளி அளவுகோல் ஒன்றுடன் பிணைக்க வேண்டுமென விதி ஏற்பட்டது. பெரும்பாலானவை ரெப்போவையே தேர்ந்துகொண்டன. பயிர்க்கடனின் சங்கதி வேறு. அதன் வட்டி சர்க்கார் மானியத்தை ஒட்டியதாகையால் ரெப்போ மாற்றம் அதை நேரே தொடுவதில்லை.

2020 மே மாதத்தில் ரெப்போ 4 சதவிகிதமாயிருந்தது. 2022 ஏப்ரலில் சில்லறை விலைவாசி உயர்வு 7.79 சதவிகிதத்தை எட்டிற்று. விதிக்கப்பட்ட இலக்கோ 4. மேல் எல்லை 6. எனவே அவ்வாண்டு மே முதல் 2023 பிப்ரவரி வரை ஆறு முறை உயர்த்தி, விகிதத்தை 6.50க்குக் கொண்டுவந்தனர். கடன் விலை கூடினால் வீடு கட்டுவோர் தள்ளிப்போடுவர். வியாபாரிகள் சரக்கைக் குவித்து வைக்கத் தயங்குவர். தேவை தளர்ந்து விலையேற்றம் மட்டுப்படும் என்பது இதன் நோக்கம். பலன் தெரியப் பல மாதங்களாகும். விளைச்சல் குறைவினால் ஏறும் விலைக்கோ இம்மருந்து அவ்வளவாகப் பலிப்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி முதலிய காய்கறிகளால் விலைவாசி உயர்வு 7.44 சதவிகிதமாயிற்று. ரெப்போ 6.50லேயே நின்றது, புதுக்காய் சந்தைக்கு வந்ததும் தக்காளி விலை இறங்கிற்று. பயிரிடுவோருக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கணக்கிற்கு வருவோம். 10 லட்ச ரூபாய்க் கடன், 20 வருஷம், 7 சதவிகித வட்டி எனக் கொள்வோம். மாதத் தவணை ரூ. 7,753. முதல் மாதத்தில் இதில் ரூ. 5,833 வட்டிக்குப் போகும். அசலில் கழிவது ரூ. 1,920 மட்டுமே. ஆரம்பத்திலேயே வட்டி 8 ஆகி, தவணையை மாற்றாமல் விட்டால், கடன் தீர 24 வருஷம் 8 மாதமாகும். வட்டி 9 ஆனால் ஏறக்குறைய 38 வருஷம்! மேற்சொன்ன 2½ சதவிகித உயர்வு முழுவதும் சேர்ந்து 9½ ஆகிவிட்டால், ஒரு மாத வட்டியே ரூ. 7,917. தவணை வட்டிக்கே போதாது. செலுத்தச் செலுத்தக் கடன் வளரும். 20 வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் தவணை ரூ. 9,321 ஆக வேண்டும்.

இவ்வாறு கடன் வளர இடம் தரும்படி தவணைக் காலத்தை நீட்டக் கூடாதென்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. கூட்டுறவு பாங்குகளும் அதற்குக் கட்டுப்பட்டவையே. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கடன்பட்டவருக்கு உண்டு. கைப்பணம் இருந்தால் ஒரு பகுதியை முன்கூட்டியும் கட்டலாம். கழிந்த அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் கணக்கை மூன்று மாதத்துக்கொரு முறை பாங்கு தர வேண்டும். அதை வாங்கி, மீதித் தவணை எத்தனை என்பதை முதலில் பாருங்கள்.

2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை குறைத்ததில் ரெப்போ 5.25 ஆயிற்று. வட்டி குறைந்த காலத்தில் தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டி வந்தால், முன்பு நீண்டுபோன வருஷங்கள் திரும்பச் சுருங்கும். தறி ஓடி, கூலி ஒழுங்காக வரும் குடும்பத்திற்கு இதுவே ஏற்றதென நாம் கருதுகிறோம். மழையை நம்பியிருப்போர் தவணையைக் குறைத்துக்கொண்டு, அறுவடை முடிந்ததும் ஒரு தொகையை அசலில் கட்டுவது உசிதம்.